பக்கத்து வரிசையின் பீப்

சாக்பீஸ் அக்கா என்றால்தான் குடோனில் தெரியும். குளியலறைக் குழாய்களும் ஷவர்களும் கூரை வரை அடுக்கியிருக்கும் அந்தக் குடோனில், எண்ணி முடித்த பெட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். ஆள் குள்ளம். மேல்தட்டு எட்டாவிட்டால் ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு ஏறிக்கொள்வார்.

பார்கோடு ஸ்கேனர் வந்ததும் சாக்பீஸ் போயிற்று. பெட்டியைக் காட்டி விசையை அழுத்தினால் பீப் என்னும். எண்ணிக்கை நேரே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். முதலில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. இரண்டாவது ஸ்கேனரும் அதைப் பிடிக்க அக்காவின் நாத்தனாரும் வந்த பிறகுதான் கணக்கு இடிக்கத் தொடங்கியது. நாத்தனார் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கமாட்டாள். அவள் வரிசை எப்போதும் சரி. அக்காவின் வரிசையில் மட்டும் பெட்டி குறைந்தது.

குறைந்தாலும் ஒழுங்காகக் குறைந்ததா? ஒரு வாரம் ஆறு, அடுத்த வாரம் பதினொன்று, அதற்கடுத்து நான்கு.

"எடுத்தவன் பாதியத் திருப்பி வச்சுட்டுப் போறானா?" என்று மேனேஜர் தலையைச் சொறிந்தார். சொறிந்த கை கேட்டைக் காட்டியது. அங்கே நின்று வெளியே போகும் வண்டிகளைச் சோதிப்பது அக்காவின் கணவர்.

"சனிக்கிழமையும் குறைஞ்சா கேட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டி போகவில்லை என்று கண் சொன்னது, போய்விட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அன்று மாலை வீட்டில், தன்னை அறியாமல் கணவரின் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் கனம் பார்த்தார்.

கணவர் பார்த்துவிட்டார். "குழாயத் திருடுறவன் வீட்டுக் குழாய் இப்படியா ஒழுகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போனார். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை அக்கா ஒவ்வொரு பெட்டியாகக் காட்டி அழுத்திக்கொண்டே வந்தார். பீப். அடுத்தது. பீப். அடுத்தது. வியர்வை துடைக்க நின்றபோது தற்செயலாகத் திரையைப் பார்த்தார். கறுப்பு. பேட்டரி தீர்ந்து ஸ்கேனர் அணைந்து கிடந்தது. ஆனால் இப்போதுதானே பீப் என்றது? மறுபடி அழுத்தினார். சத்தமில்லை. ஸ்கேனரைக் காதில் வைத்துப் பார்த்தார். பீப். ஆனால் கையில் இருந்ததிலிருந்து வரவில்லை. அலமாரிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"ஏய், கொஞ்சம் சும்மா இரு."

"ஏன் அண்ணி, நான் வேலை செஞ்சாலும் குத்தமா?" நாத்தனாரின் குரலோடு இன்னொரு பீப்பும் வந்தது.

அக்கா நேரே மேனேஜரிடம் போனார். "சார், அவளோட பீப்ப என்னோடதுன்னு நினைச்சு அடுத்த பெட்டிக்குப் போயிட்டிருக்கேன் சார்."

"அவ பெட்டிய அவ எண்ணுறா. அதுக்கு உங்க பெட்டி ஏம்மா குறையணும்?"

"என் ஸ்கேனர் சில நேரம் படிக்கறதில்ல சார். அந்த நேரம் பாத்து அவளோடது கத்திடுது. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தான். அவ குக்கர் விசில எண்ணி நான் அடுப்ப அணைச்சுடறதில்லையா, அந்த மாதிரி."

மேனேஜர் யோசித்தார். முகத்தைப் பார்த்தால் குக்கர்தான் புரிந்தது போலிருந்தது.

"அதான் கிழங்கு வேகறதே இல்லையா?" என்றார் கேட்டிலிருந்து வந்து நின்ற கணவர்.

புது பேட்டரி போட்டு மறுபடி எண்ணினார்கள். நாத்தனார் ஸ்கேனரை அணைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். அக்கா இந்தமுறை திரையைப் பார்த்துப் பார்த்து அழுத்தி, கடைசியில் மேல்தட்டையும் முடித்தார். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"எல்லாம் வந்துடுச்சு. ஒண்ணு மட்டும் குறையுது."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. கீழ்த்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு என்று விரலை நீட்டி நீட்டிப் பார்த்தார். ஒரு பெட்டியும் விட்டுப்போகவில்லை. பிறகு எப்படி? மேனேஜர் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

நாத்தனாரும் அண்ணன் பார்த்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் ஸ்கேனரை ஆன் செய்துகொண்டு வந்து, அக்காவின் காலடியில் குனிந்தாள்.

"அசையாதீங்க அண்ணி. விழுந்துடுவீங்க."

அக்கா ஏறி நின்ற பெட்டியின் பக்கவாட்டில் அவள் விசையை அழுத்தினாள்.

பீப்.

"இது யாரோடது?" என்று கேட்டார் அக்கா, இன்னும் பெட்டிமேல் நின்றபடி.

"உங்களோடதுதான், இறங்குங்க" என்றாள் நாத்தனார். கணவர் கேட்டுக்குத் திரும்பி நடந்தார். வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருந்தது.