குஞ்சுகளுக்கு நடுவே வீசிய தவளை

விரால் பிடிக்க ரப்பர் தவளை ஒன்று போதும். வாங்கும்போது வயிற்றை அமுக்கிப் பாருங்கள். விரல் பட்டதும் அமுங்கி, முதுகோடு படுத்திருக்கும் இரண்டு தூண்டில் முள்ளும் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். அமுங்காத தவளையை விரால் கவ்வும், துப்பிவிட்டுப் போகும். தூண்டில் நரம்பு பின்னல் நரம்பாக இருக்கட்டும். ஒற்றை நரம்பு இழுபட்டுக்கொண்டே போகும், தாமரைக் கொடிக்குள் புகுந்த மீனைத் திருப்பாது. கலங்கல் தண்ணீருக்குக் கறுப்புத் தவளை. கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களுக்கும். ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய். காரைக்குடியிலிருந்து ஞாயிறு விடிகாலையில் வண்டியை எடுத்தால், பனி கலைவதற்குள் கரையில் நிற்பேன். அந்தக் கண்மாய் மீன் ஊருக்குப் பொது. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. அதன்பின் ஒருநாள், அதுவரை கண்மாய்க்குக் காவல் இருந்தவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூடையும் கச்சா வலையுமாக இறங்கும். காவலுக்குக் கூலி கிடையாது. துண்டை வீசும் உரிமையும், வீசிய கையோடு முதல் ஆளாகத் தண்ணீரில் கால் வைக்கும் உரிமையும்தான்.

அந்த வருஷம் காவல் ஒரு பெண்ணிடம் இருந்தது. என் வயதுதான் இருக்கும். கரையில் ஆடு மேய்ப்பவர். பிடித்த மீனைத் திருப்பி விட்டுவிடுவேன் என்று சொல்லித்தான் அவரிடம் அனுமதி வாங்கினேன்.

“திருப்பி விடுறதுக்கா இம்புட்டுத் தூரம் வாரீக? வீட்ல வேற வேலையே இல்லையா சார்?”

“இருக்குக்கா. அதுக்குப் பயந்துதான் வாரேன்.”

சிரித்தார். விட்டார்.

கார்த்திகையில் ஒருநாள் கோரைப்புல் ஓரமாகக் கையை நீட்டினார். “அங்குட்டு மட்டும் வீசாதீக. குஞ்சோட இருக்கு.” தண்ணீர்மேல் ஒரு பாய் அகலத்துக்குச் செம்மை கொதித்துக்கொண்டிருந்தது. ஆயிரம் குஞ்சுகள், வாய் வாயாக மூச்சு வாங்கிக்கொண்டு. கொக்கு இறங்கினால் கல்லெடுத்து எறிவாராம். “எல்லாம் வளந்தா ஊருக்கு ஆளுக்கொண்ணு வரும்” என்றார்.

குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அதற்குப் பசி வேண்டாம். செந்திட்டுக்கு அப்பால் தவளையை வீசி நடுவே இழுத்து வந்தால் போதும். தாயோ தகப்பனோ, கீழே குஞ்சுகளைக் காத்து நிற்பது ஆத்திரத்தில் பாயும். எனக்கு இது தெரியும். தெரிந்ததுதான் கையை அரித்தது.

ஆடு ஒன்று வயலுக்குள் இறங்கிவிட, அவர் அதன் பின்னால் ஓடினார். நான் வீசினேன்.

தண்ணீர் வெடித்தது. பாய்ந்ததும் தூண்டில் கம்பை வெட்டி இழுக்கக் கூடாது, இரண்டு எண்ண வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அன்று ஐந்து எண்ணினேன்போல. முள் தொண்டைக்குள் போய்விட்டது. கழற்றக் கழற்றச் செவுளிலிருந்து ரத்தம். வீசும் முன்பே முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்ச்செதிலைக் குறட்டால் நசுக்கியிருந்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். நசுக்கவில்லை. தண்ணீரில் விட்டேன், வயிறு மேலாக மிதந்தது. எடுத்துப் பைக்குள் போட்டேன். முள்ளைக் கழற்றிய கரையோரத் துவைகல்லில் செதிலும் ரத்தமும் கிடந்தன, அதைக் கழுவக்கூடத் தோன்றவில்லை.

அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். “என்ன சார், இன்னைக்கும் ஒண்ணும் இல்லையா?”

“இல்லைக்கா.”

பை என் முதுகில் ஒருமுறை துள்ளியது.

அடுத்த ஞாயிறு அங்கே செம்மை இல்லை. கொக்குகள் நின்றன. அவர் கண்மாயைப் பார்க்காமல் பேசினார். கல்லில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஊர்ப் பெரியவர்கள் அவரை விசாரித்தார்களாம். “டவுன் சார் ஒருத்தர் வருவாரே” என்று அவர்கள் கேட்டதற்கு, “அவரு புடிச்சா விட்டுருவாரு, அவரைச் சொல்லாதீக” என்று இவர் சத்தியம் பண்ணினாராம். அப்படியென்றால் பிடித்தது நீதான், உன் வீட்டுச் சட்டிக்குத்தான் என்று முடித்துவிட்டார்கள். காவல் கைமாறியது. நான் தூண்டில் ரீலைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

வைகாசியில் மீன்பிடி அன்று போனேன். அவர் கூட்டத்தோடு கூட்டமாக, இடுப்பில் கூடையுடன் நின்றார். கரைமேல் வேறொருவர், தோளில் வெள்ளைத் துண்டு. கூடையோடு நின்ற அந்தப் பெண்ணின் அருகில் போய்ச் சொல்லிவிட்டேன். அந்த விரால் நான் பிடித்தது என்று.

“நீங்களா?” பக்கத்துப் பெண்ணை இடித்துச் சிரித்தார். “ஒத்தக் கெண்டைக்கு வழியில்லாம ஆறு மாசம் வெறுங்கையா போன மனுசன்டி!”

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்.

“இத எங்கிட்ட ஏன் சொல்றீக? அங்குட்டுப் போய்ச் சொல்லுங்க.”

கரைமேல் ஊர்ப் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். முப்பது அடி இருக்கும். நடந்தேன். அவர் என் பின்னாலேயே வந்தார். கூடை உரசும் சத்தம் கேட்டது. நான் போய் நிற்க, பெரியவர்களில் ஒருவர் திரும்பினார்.

“வாங்க சார். என்ன, எறங்கலையா?”

துண்டு வீசப்பட்டது. கூட்டம் ஓலமிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியது. என் பின்னால் அந்தக் கூடை மட்டும் அசையவில்லை.

“இல்லைங்க,” என்றேன். “சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”