என் கணவரைக் கரை சேர்த்த ஹெஸ்டர் ரிம்மர்

“முதல் வகுப்பு மணியை அடிக்கும், போய் நின்னாப் போதும். மூணாம் வகுப்பு வாயே திறக்காது. இந்த ரெண்டாம் வகுப்பு இருக்கே, ‘மன்னிச்சுக்கோங்க, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க’ன்னு சொல்லிச் சொல்லியே என் காலை ஒடிக்குது!”

ஹெஸ்டர் ரிம்மர் இதைத் தினமும் காலையில், தேநீர்த் தட்டோடு கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டே சொல்வாள். நாங்கள் இருந்ததும் இரண்டாம் வகுப்புதான். எங்கள் முகத்துக்கு நேரேதான் சொல்வாள். கேட்டு என் கணவர் ஜேபஸ் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். வந்தால் அவளே தட்டை வைத்துவிட்டு அவர் முதுகைத் தாங்கிப் பிடிப்பாள்.

நியூயார்க்குக்கும் லிவர்பூலுக்கும் நடுவே ஓடும் கப்பல்களில் அவள் பணிப்பெண். புருஷன் அதே கம்பெனிக் கப்பலில் உலைக்குக் கரி அள்ளிப் போட்டவன். ஒரு பயணத்தில் சூட்டில் மயங்கி விழுந்தான், எழுந்திருக்கவில்லை. அவனைக் கடலில் இறக்கிவிட்டு, இவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. எங்கள் அறைத் தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டே சொன்னாள்.

அந்த வேலையை நான் பார்த்தேன். ஊரில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு ஒன்றுமே இல்லை. வாந்தி எடுத்த வாளி, அழுகிற குழந்தை, நெஞ்சுக்கச்சை இறுகி மூச்சு முட்டும் வாத்தியாரம்மா, தொப்பி நசுங்கிவிட்டதென்று சண்டைக்கு வரும் போதகர் மனைவி, எல்லாம் அவள் தலையில். இத்தனைக்கும் நடுவில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நின்றபடி ரொட்டியைத் தேநீரில் முக்கி விழுங்குவாள்.

நாங்கள் பேடிஹாம்காரர்கள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் இரண்டு பேரும் அங்கே பஞ்சு மில்லில் தறி ஓட்டியவர்கள். எங்கள் பையன் வால்டர் காய்ச்சலில் போனான். அவனை மேட்டுச் சர்ச்சின் பின்புறம் புதைத்துவிட்டு, ஊரில் இருக்கப் பிடிக்காமல் அமெரிக்காவுக்குப் போனோம். ஃபால் ரிவர் மில்களில் பாதிப் பேர் நம் ஊர்ச் சனந்தான். அங்கேயும் அதே பஞ்சுத் தூசி. ஜேபஸின் நெஞ்சு அரித்து, காசநோய் பிடித்துக்கொண்டது. இனி பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“என்னை வால்டர் பக்கத்துல கொண்டுபோய்ப் போடு.”

போகும்போது மூன்றாம் வகுப்பில் போனோம். திரும்பும்போது அந்தக் கீழ்த்தளப் புழுக்கத்தை அவர் தாங்க மாட்டார் என்று இரண்டாம் வகுப்பு எடுத்தேன். நாலு பேர் அறை. இருமலைக் கேட்டதும் மற்ற இரண்டு பேரும் வேறு அறை கேட்டு ஓடிவிட்டார்கள். ஆண்களைக் கவனிக்கிற பணியாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பான். ஹெஸ்டர்தான் “நீ போடா, நான் பாத்துக்கறேன்” என்று அவனை அனுப்பிவிட்டாள்.

எதிர் அறையில் மிஸஸ் எண்ட்விசில் என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் மனைவி. எங்கள் கதவு திறந்திருந்தபோதே ஹெஸ்டரிடம் குறை சொன்னாள்.

“அந்த மனுஷர் இருமுறதுல நிம்மதியா ஒரு பக்கம் படிக்க முடியலை.”

“அப்படிங்களா அம்மா? பெரிய அலை வர்ற நேரமாப் பாத்து இருமச் சொல்லிடறேன். சத்தத்தோட சத்தமாப் போயிடும்” என்றாள் ஹெஸ்டர்.

பாதிக் கடலைத் தாண்டியபோது அவருக்குக் குரல் அடியோடு போய்விட்டது. எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. தறிக் கூடத்துச் சத்தத்தில் காது எதற்கு ஆகும்? மில்லில் வளர்ந்தவர்கள் உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு முழுக்கப் பேசுவோம். அவர் உதட்டை அசைப்பார், நான் புரிந்துகொள்வேன். கப்பல் டாக்டருக்குத்தான் ஆச்சரியம். இளம் வயது, நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரர். வருவார், என்னைக் கேட்பார், நான் ஜேபஸின் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வேன், எழுதிக்கொண்டு போவார்.

ஒருநாள் ஹெஸ்டர் என்னிடம் கேட்டாள், “இப்ப என்ன சொல்றார்?”

“தண்ணியில போட்டுடாதேங்கறார்.”

அவள் போர்வையை நீவிவிட்டாள். “அவசரப்படாதீங்க மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ். அயர்லாந்து வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. கரை கண்ணுல பட்டா யாரையும் தண்ணியில இறக்க மாட்டாங்க.”

அயர்லாந்து மறுநாள் காலையில் தெரியும் என்றார்கள். அவர் அதற்கு முந்தின நாள் முற்பகலே போய்விட்டார். மேல்தளத்தில் எல்லாருக்கும் மாட்டிறைச்சி ரசம் கொடுக்கிற நேரம். ஹெஸ்டர் அவருக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். பார்த்தாள். கதவைச் சாத்தினாள். கழுத்தில் விரல் வைத்தாள். என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தை என் கையில் திணித்தாள்.

“குடி.”

“என்ன?”

“அவர் பேர்ல வந்த ரசம். கிண்ணம் நிறைஞ்சபடி திரும்பிப் போனா அடுப்படியில கேப்பாங்க. கேட்டா டாக்டர் வருவார். டாக்டர் வந்தா சாயங்காலத்துக்குள்ள கித்தானைச் சுத்தித் தச்சு இறக்கிடுவாங்க. குடி, கண்ணு. அழுகையை அப்புறம் வச்சுக்கோ.”

குடித்தேன். அதுவரைக்கும் என்னை ‘நீங்க’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணை மூடினாள். தாடையை ஒரு துண்டால் கட்டி, அதை மறைத்து மஃப்ளர் சுற்றினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். தலைக்குமேல் இருந்த வட்டச் சன்னலைத் திறந்துவிட்டாள். குளிர்ந்தால் நல்லது என்றாள். வீட்டில் சாவு விழுந்தால் செய்கிற காரியங்கள்தான். ஆனால் சத்தமில்லாமல் செய்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் டாக்டர் வந்தார். ஹெஸ்டர் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“இப்பத்தான் அசந்தார் டாக்டர். கிட்ட வந்தா முழிச்சுக்குவார், மறுபடி இருமல் பிடிச்சுக்கும்.”

“நாடி மட்டும் பாத்துட்டுப் போறேன், மிஸஸ் ரிம்மர்.”

“அவங்க கேட்டுச் சொல்வாங்களே. தினமும் அவங்கதானே சொல்றாங்க?” என்று சொல்லி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். ஜேபஸ் மேல் குனிந்தேன். சுவர்ப்பக்கம் இருந்த அவர் முகத்துக்கு நேரே உதட்டை அசைத்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அது எனக்கும் அவருக்கும். அப்புறம், அவர் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன்.

“வலி குறைஞ்சிருக்காம் டாக்டர். தூங்க விடச் சொல்றார்.”

“நல்ல அறிகுறிதான்” என்று எழுதிக்கொண்டு அவர் போனார்.

ஹெஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பயணத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் கரை தெரிந்தது. இப்போதாவது சொல்லிவிடலாமா என்று கேட்டேன். “இன்னும் திறந்த கடல் பாக்கி இருக்கு, வாயை மூடு” என்றாள். இரண்டு பேருடைய கிண்ணத்தையும் நானே காலி செய்தேன். குயின்ஸ்டவுனில் தபால் மூட்டைகளை இறக்கினார்கள், அயர்லாந்துக்காரர்கள் இறங்கினார்கள். ஊர் நெருங்கினால் கப்பல் டாக்டருக்கு மூன்றாம் வகுப்பில் நோய் சோதிக்கிற வேலைதான். எங்கள் பக்கம் எட்டிப் பார்த்து, “எப்படி?” என்பார். “அப்படியேதான்” என்பாள் ஹெஸ்டர். அது பொய் இல்லை.

கப்பல் லிவர்பூலின் மெர்சி ஆற்றுக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் கட்டடம் தெரிந்த பிறகு, அவளே போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

அவர் போர்வையை விலக்கினார். கையைத் தூக்கிப் பார்த்தார். டாக்டர் முகம் வெளுத்துவிட்டது.

“எப்ப?”

“இப்பத்தான், டாக்டர்.”

“மிஸஸ் ரிம்மர், நான் டாக்டர். என்னை முட்டாளாக்காதீங்க. நல்லா இருக்கார்னு என் கையாலேயே எழுதியிருக்கேன். தொத்து வியாதிக்காரர். கப்பல் நிறைய ஜனங்க. இதுக்கு யார் பதில் சொல்றது?”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். நானும்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஹெஸ்டர் என் பாதத்தை அழுத்தி மிதித்தாள்.

“நான்தான் பதில் சொல்றேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தூங்குறார்னு நான்தான் சொல்லி வச்சேன். துக்கத்துல உதடு அசையுறாப்ல அதுக்குத் தோணியிருக்கும்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

“உங்க வேலை போயிடும். தெரியுமில்ல?” என்றார் அவளிடம்.

“தெரியும். இவர் வீட்டுக்குப் போகட்டும்.”

ஜேபஸை ரயிலில் பேடிஹாமுக்குக் கொண்டுவந்தேன். மழை கொட்டியது. மேட்டுச் சர்ச்சின் பின்னால் வால்டருக்கு இடப்பக்கம் மண் போட்டோம். நானும் ஒரு பிடி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனால் களை பிடுங்க எனக்கு ஓர் இடம் இருக்கிறது.

ஹெஸ்டருக்கு அதன்பின் எந்தக் கப்பலிலும் வேலை இல்லை. ஒரு கம்பெனி வேண்டாம் என்றவளை இன்னொரு கம்பெனி எடுக்காது. கப்பல் துணிகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டாள், கால் வீங்கி நிற்க முடியாமல் போகும் வரை. எங்கள் ஊருக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “உங்க ஊர்ல கடல் எங்கடி இருக்கு?” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். கூட வேலை பார்த்த பெண்கள் அவளைப் பார்க்கப் போவதில்லை. கம்பெனி காதுக்கு எட்டினால் தங்கள் பிழைப்பும் போய்விடுமோ என்று பயம். எல்லாருக்கும் வயிறு இருக்கிறது, அவர்களை நான் குறை சொல்லவில்லை. நான் மில் விடுமுறையில் போவேன். மற்ற நாளெல்லாம் அவள் மாடிப் படியில் ஏறுகிறவர் யாரும் இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரிலிருந்து வாரா வாரம் யாராவது அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறீர்கள். முந்தின நாளே லிவர்பூல் போய், பெட்டியின் மேல் உட்கார்ந்து கொட்டாவிதானே விடுகிறீர்கள்? டிராம் ஏறி, பூட்டில் என்கிற பக்கத்து ஊருக்குப் போங்கள். ஹார்னர் சந்தில் செருப்புத் தைக்கும் கடை, அதற்கு மேல்மாடி. கதவைத் தட்டிவிட்டு நிற்காதீர்கள், அவளால் எழுந்து வர முடியாது. திறந்துகொண்டு உள்ளே போங்கள். பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு போனால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். பேடிஹாமிலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். கெட்டிலை நீங்களே அடுப்பில் வையுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.