டிராவல் என்று எழுதிய காலை

அம்மா இறந்தபோது நான் பெரம்பலூரில் ஓர் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வீடு செந்துறைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். காலையில் செந்துறைக்கு வந்து அரியலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். நான் படித்ததெல்லாம் தமிழ்வழியில். கணக்கு நடத்தத் தேவையான அளவுக்கு இங்கிலீஷ் இருந்தது. அதைத் தாண்டினால் தடுமாறுவேன் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

பள்ளிக்குள் யாரும் தமிழ் பேசக் கூடாது என்பது சட்டம். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் அதே சட்டம்தான். தமிழ் டீச்சர்கூட லீவு கேட்பதை இங்கிலீஷில்தான் கேட்பார். அந்தக் குரூப்பில் கரஸ்பாண்டன்ட்டும் இருந்தார். பள்ளி அவருடையது. அவர் எதுவும் எழுத மாட்டார், எல்லாவற்றையும் படிப்பார்.

அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனவள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகையே அழிந்துபோயிருந்தது. ரேஷன் கடை மெஷினில் அவள் விரல் பதியாது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க, அவள் சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பாள். கடைசி வருஷம் மூச்சிரைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் விடிந்ததும் அப்பா டீ ஆற்றிக் கொண்டுபோய் எழுப்பினார். அவள் எழுந்திருக்கவில்லை.

தெருவில் ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்குச் சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன்.

எங்கள் பக்கத்தில் இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போது ‘போயிட்டாங்க’ என்போம். என் வாயில் அந்த வார்த்தைதான் இருந்தது. அதற்கு இங்கிலீஷ் தேடினேன். ‘வென்ட்’ என்று போட்டால் எங்கே என்று கேட்பார்கள். ‘எக்ஸ்பயர்ட்’ தெரியும். முந்தின வாரம்தான் அம்மாவின் மாத்திரை அட்டைகளைத் திருப்பித் திருப்பி அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதை அவளுக்குப் போட மனசு வரவில்லை. ‘டைடு’ என்று அடித்தேன், அழித்தேன். இதற்கென்று நாகரிகமான சொல் ஒன்று உண்டு. மற்றவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு நானே அதை எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் அது வரவில்லை.

டிராவல் என்ற சொல்தான் வந்தது. எங்கள் ஊரில் டிராவல்ஸ் என்றால் வாடகைக் கார். சுண்ணாம்புக்கல் லாரிக்காரர்கள் ரெட்டிபாளையம் பக்கத்து சிமென்ட் ஃபேக்டரிக்கு லோடு அடிப்பது ட்ரிப். பிள்ளைகளை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிக்கொண்டு போவது டூர். இவற்றோடு வைத்துப் பார்த்தால் டிராவல் என்பது கொஞ்சம் கௌரவமானது, தூரமாகப் போகிறவர்களுக்கு உரியது என்று எனக்கு ஓர் எண்ணம். அஞ்சலி போஸ்டர்களில் இறுதிப் பயணம் என்று போடுகிறோமே, அதுவும் மனதில் ஓடியிருக்க வேண்டும். ‘மை மதர் டிராவல்ட் திஸ் மார்னிங். ஐ நீட் லீவ்’ என்று எழுதி அனுப்பினேன். பிழையில்லாமல் எழுதிவிட்டதாகவே நினைத்தேன்.

வீட்டுக்குள் வந்து அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தபோது போன் அதிர ஆரம்பித்தது. முதலில் எல்.கே.ஜி. டீச்சர் ஒருவர் ‘ஹேப்பி ஜர்னி’ என்று போட்டு விமானப் படம் ஒன்றை வைத்திருந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அறிவியல் சார், அம்மாவுக்கு எந்த ஊர், நீங்களும் போகிறீர்களா, நன்றாகச் சுற்றிப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். கட்டை விரல்களும் பூங்கொத்துகளும் வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்பா என் தோளைத் தொட்டு, "என்னடா அது, வந்துகிட்டே இருக்கு?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்திலிருந்து துக்கம் விசாரிக்கிறார்கள் என்றேன். நல்ல மனுஷர்கள் என்று சொல்லிவிட்டு அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மாவை வாசலில் பெஞ்சில் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது பிரின்சிபல் மேடம் கூப்பிட்டார். அம்மா ஊருக்குப் போவதற்கு நீங்கள் எதற்கு லீவு போட வேண்டும் என்று கேட்டார். பரீட்சை நெருங்குகிற நேரம், கணக்குக்கு வேறு ஆள் இல்லை என்றார். கோபம் வந்தால் அவர் தமிழில்தான் பேசுவார்.

"பஸ் ஏத்தி விட்டுட்டு ரெண்டாவது பீரியடுக்காவது வந்துடுங்க சார்."

"பஸ் ஏத்த முடியாதுங்க மேடம். அம்மாவக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க. பொணத்த."

அழுகைச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். பிறகு, "அத ஒழுங்கா எழுதக் கூடாதா? கரஸ்பாண்டன்ட் பாக்கற குரூப்பு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன்பின் குரூப்பில் வாழ்த்துகள் ஒவ்வொன்றாக அழிந்தன. அழித்தவர்களே திரும்ப வந்து ‘ஆர்.ஐ.பி.’ என்று போட்டார்கள். ஒருவர் மட்டும் போனைப் பார்க்காமல் இருந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் போட்ட விமானம் அம்மாவைப் புதைத்துவிட்டு வந்து பார்க்கும்போதும் அங்கேயே இருந்தது.

அடக்கத்துக்குப் பள்ளியிலிருந்து வந்தது தமிழ் டீச்சர் ஒருவர்தான். இரண்டு பஸ் மாறி, வழி கேட்டு, வெயிலில் நடந்து வந்திருந்தார். மாலையை அம்மாவின் மேல் போட்டுவிட்டு என் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்றைக்கு அவரை நான் கடவுளாக நினைத்தேன்.

பால் தெளித்த மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். போனேன். ஆசிரியர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தமிழ் டீச்சர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பிரின்சிபல் குரலில் ஒன்று, என் குரலில் ஒன்று. போனில் பேசியதை பிரின்சிபலே சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கே அச்சு அசலாக என் குரல்போல இருந்தது. ‘பொணத்த’ என்ற இடத்தில் சிரிப்பு உயர்ந்தது. நான் உள்ளே போனதும் எல்லோரும் அவரவர் திருத்தும் தாள்களைக் குனிந்து பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து, "சாப்டீங்களா சார்?" என்று பரிவாகக் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை ஆசிரியர் கூட்டம். கரஸ்பாண்டன்ட் வழக்கமாகத் தேர்ச்சி பற்றிப் பேசுவார். அன்று மார்க்கரை எடுத்து போர்டில் டிராவல், ஜர்னி, ட்ரிப், டூர், வாயேஜ் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். கையெழுத்து அழகாக இருக்கும். ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால் பள்ளியின் மானம் எப்படிப் போகும் என்று விளக்கினார். பெற்றோர் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அதன்பிறகு என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இதுல எதுல சார் உங்க அம்மா போனாங்க?"

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. கைக்குட்டைகள் வாய்க்குப் போயின. முன்வரிசையில் இருந்த அறிவியல் சாரின் தோள்கள் குலுங்கின.

"எதுலயும் போகலீங்க சார். செத்துப் போயிட்டாங்க."

"இங்கிலீஷ்."

நான் போர்டைப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமே இல்லை.

"ஷி டைடு, சார்."

"குட். சிட் டவுன்."

அம்மா செத்துவிட்டாள் என்று நான் முழுதாக வாய்விட்டுச் சொன்னது அந்தக் கூட்டத்தில்தான் முதல் தடவை. அதுவரை தமிழில்கூடச் சொல்லியிருக்கவில்லை. அவர் அடுத்ததாக விளையாட்டு விழாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

குரூப்பில் வாழ்த்துகளை அழிப்பதற்கு முன்பே யாரோ என் செய்தியோடு சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார்கள். அது பிள்ளைகளின் போன்களுக்குப் போய்விட்டது. யார் அனுப்பியது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. எனக்கு ‘டிராவல்ஸ்’ என்று பேர் வந்தது. வராந்தாவில் நான் நடந்தால் பின்னால் ஏர் ஹாரன் சத்தம் வாயால் அடிப்பார்கள். திரும்பினால் எல்லா முகமும் சாந்தமாக இருக்கும்.

இதில் எனக்கென்று இன்னொரு கஷ்டமும் இருந்தது. நேரம், வேகம், தூரம் பாடத்தில் அந்தச் சொல் இல்லாத கணக்கே கிடையாது. ஒரு ரயில் டிராவல் செய்யும், ஒரு மனிதன் டிராவல் செய்வான், எதிர்த் திசையில் இன்னொருவன் டிராவல் செய்வான். நான் வாய்விட்டுப் படிக்கப் படிக்க வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நான் ‘கோஸ்’ என்று மாற்றிப் படித்தால், புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே சார் என்று கை தூக்குவார்கள்.

ஒரு நாள், நன்றாகப் படிக்கிற பிள்ளை, முதல் பெஞ்சுக்காரி, எழுந்து நின்றாள். சந்தேகம் கேட்க இங்கிலீஷில் அனுமதி வாங்கிக்கொண்டு, தமிழில் கேட்டாள்.

"சார், டிராவல் பண்ணுனவங்க ரிட்டர்ன் வர்றதுக்கு எவ்ளோ டைம் ஆகும்?"

வகுப்பு டெஸ்க்கைத் தட்டிச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்று போர்டில் எழுதினேன். சாக்பீஸ் ஒடிந்தது. இன்னொன்று எடுத்து மீதியையும் எழுதினேன்.

முழுப் பரீட்சை முடியும்வரை தாக்குப்பிடித்தேன். தேர்ச்சி குறைந்தால் அதற்கும் அம்மாவைத்தான் இழுப்பார்கள் என்று தெரியும். என் வகுப்பில் ஒருவர்கூடத் தவறவில்லை. ரிசல்ட் வந்த வாரம் விலகுவதாகச் சொன்னேன். பிரின்சிபல் ஏன் என்று கேட்கவில்லை. பஸ் தூரம்தான் காரணம் என்று அவரே சொல்லி, அவரே தலையாட்டிக்கொண்டார். இப்போது சில வருஷங்களாகச் செந்துறையில் ஒரு மாடி அறையில் டியூஷன் எடுக்கிறேன். தமிழில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பிழைப்பு நடக்கிறது. இருந்தாலும் வாட்ஸ்அப்பில் எதையாவது எழுதினால் அனுப்புவதற்கு முன் கை நின்றுவிடுகிறது. பெரும்பாலும் அனுப்பாமலேயே விட்டுவிடுகிறேன்.

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். நர்ஸிங் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முதல் பெஞ்சுக்காரிதான். செருப்பைக் கழற்றிவிட்டு அத்தனை பேர் முன்னால் என் காலைத் தொட்டாள். கூட நின்ற தோழியிடம், எனக்குக் கணக்கு வந்ததே இந்த சாரால்தான் என்றாள். கடைசி வருஷம் படிப்பதாகவும், அடுத்து வெளிநாடு போக முயற்சி செய்வதாகவும் சொன்னாள். அவள் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. எதையும் மறைக்கிற முகம் இல்லை. அவளுக்கு எதுவுமே நினைவில்லை.

"உங்க கிளாஸ்னாலே ஜாலிதான் சார். எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்போம்" என்றாள். பிறகு, கேட்க வேண்டியதை முறையாகக் கேட்கிறவளைப் போல, "வூட்ல அம்மா, அப்பால்லாம் நல்லா இருக்காங்களா சார்?"

"நல்லா இருக்காங்கம்மா" என்றேன்.

செந்துறை பஸ் வந்தது. அவள் என் பையை வாங்கி ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தாள். பஸ் நகரும்வரை கீழே நின்று கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.