விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

எங்கள் நண்டுத்திட்டு பட்டணத்துக்குள்ளேதான் இருந்தது. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மற்ற பக்கமெல்லாம் உப்பங்கழி. காலையில் ஆலைச் சங்கு ஊதினால் எங்கள் கோழிகள்கூட எழுந்துகொள்ளும். ஆனால் தபால்காரர் மட்டும் எதிர்க்கரையோடு சரி. விசில் அடித்துவிட்டு, யாராவது தோணியில் வந்து வாங்கிப் போகட்டும் என்று பீடி பற்றவைப்பார். வசதி என்று சொன்னால் ஒரு பெட்டிக்கடை, ஒரு அம்மன் கோயில், உப்புக் கரிக்கும் ஒரு கிணறு. பெண் கேட்கப் போகும்போது மட்டும் நாங்களும் பட்டணத்துக்காரர்கள்தான் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொள்வோம்.

நல்ல தண்ணீருக்குத் தோணியில் கரையேறி, ரயில் பாதையைத் தாண்டி, திருவொற்றியூர்க் குழாய்க்குப் போகவேண்டும். அங்கே ஊர்ப் பெண்களெல்லாம் பிடித்து முடித்த பிறகுதான் திட்டுக்காரிகளின் முறை. என் அத்தை அங்கம்மா போனால் மட்டும் வரிசை கொஞ்சம் நகரும். அவள் வாய் அப்படி.

அந்தத் தண்ணீர் குழந்தைகளுக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், வீட்டுக்கு வந்தவர்களுக்கும். பெரியவர்களுக்குக் கிணறு. வந்தவர் கடன்காரனாகவே இருந்தாலும் சரி, ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொடுக்காத வீட்டை எங்கள் திட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் அத்தையின் மகள் மங்கைக்கு ஏழாவது மாதம். முந்தைய வருஷம் குடத்தோடு தோணியில் வழுக்கி விழுந்து, வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து அத்தை மகளைக் குடத்தைத் தொட விடவில்லை. எங்கள் தோணித்துறைக்கே ஒரு குழாய் வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். கடைசியில் செல்வநாதன் என்ற அதிகாரி நேரில் பார்க்க வந்தார்.

வந்தவருக்குச் செய்த மரியாதை இருக்கிறதே! வீட்டுக்கு வீடு பளபளவென்று விளக்கிய சொம்பில் குழாய்த் தண்ணீர். நல்ல வெயில் வேறு, மனிதர் எல்லா வீட்டிலும் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, “இளநீர் மாதிரி இருக்கேம்மா! இங்கே எதுக்குக் குழாய்?” என்றார்.

எங்கள் தலையில் நாங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம்.

அவர் தோணியை நோக்கி நடந்தார். அத்தையின் புருஷன் கோதண்டம் மாமா பல்லைக் கடித்தார். “ஓடிப்போயி கெணத்துத் தண்ணிய மொண்டாந்து குடு. அப்பத்தான் புரியும்.”

“வூட்டுக்கு வந்தவருக்கு உப்புத் தண்ணியா? எனுக்குக் கை வராது போ.”

அத்தை சொன்னாளே தவிர, கிணற்றுக்கு ஓடினாள். நிறைந்த சொம்போடு வந்து தோணிக்கு முன்னால் நின்றாள்.

“சார், நீங்கோ குடிச்சது விருந்தாளிக்கு வெச்சது. நாங்கோ குடிக்கிறது இது. உங்களுக்குக் குடுக்க மனசு வரல. நான் குடிக்கிறேன், பாருங்கோ.”

மடமடவென்று குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. செல்வநாதன் அவள் கையிலிருந்த சொம்பை வாங்கி, அடியில் இருந்ததை வாயில் ஊற்றினார். உடனே கால்வாயில் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு, “குழாய் எந்த இடத்தில் வேணும்மா?” என்று கேட்டார்.

மங்கைக்கு வலி எடுப்பதற்குள் தோணித்துறையில் குழாய் நின்றது. திறந்துவைக்க அவரே வந்தார். அத்தை பழக்கத்தில் முதல் சொம்பை அவரிடம் நீட்டினாள். “இன்னிக்கு முதல்ல நீங்கதான்” என்றார்.

அத்தை ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தாள்.

“இன்னா சார் இது, உப்பே இல்லாம சப்புனு கீது?”

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மங்கை சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் தலையில் சுமந்து வந்த தண்ணீரில் அம்மா ஒரு வாய்கூடக் குடித்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து, சொம்பை மறுபடியும் நிரப்பினாள்.

“குடிம்மா” என்றாள்.