இரண்டு கணக்குக்கும் ஒரே தொட்டி

சிலந்தி வளர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டவன் அல்ல. எனக்கு வேண்டியிருந்தது ஓர் அறை. தொண்ணூறுகளின் பின்பாதியில், இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படிப்பித்தேன் என்று சொல்லவே வாய் கூசுகிறது. முழுப் பள்ளிக்கூடமும் ஒரே நீள மண்டபம். ஒரு மூலையில் நின்று நான் ஒட்சிசன் என்று கத்துவேன். பக்கத்தில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்தும். சோதனைக்குழாய்கள் பள்ளிக்கூட அதிபரின் அலுமாரியில் பூட்டியே கிடந்தன. எங்கள் பிள்ளைகள் வருடா வருடம் ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்தில் விழுந்தார்கள். விழுந்தால் கொழுந்துக்கூடை, அல்லது கொழும்பில் ஏதாவது கடையில் வேலை. ஓர் அறை கட்டித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டதுதான் எனக்கு மிச்சம்.

ஹட்டனிலிருந்து வந்த கல்வி அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர், மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மாஸ்டர், உங்கட பள்ளிக்கூடம் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒருநாளும் வந்ததில்லை. இந்தமுறை நாலுபேர் நிண்டு பாக்கிறமாதிரி ஒண்டைக் கொண்டுவந்து வையுங்கோ. அதைக் காட்டி நான் அறைக்குக் கதைக்கிறன்."

இந்தப் பேச்சு எப்படியோ தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே மேல்கணக்குத் தலைவர் ஒரு மரக்கட்டையோடு வந்து நின்றார். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு, ஒவ்வொன்றிலும் தொழிலாளர்களுக்கு ஒரு தலைவர், பள்ளிக்கூடம் நட்டநடுவில். விறகுக்கு வெட்டிய பட்டமரத்தின் பொந்தில் ஒரு புலிமுகச் சிலந்தி, குஞ்சுகளோடு இருந்திருக்கிறது. சாதாரணமாக அதைக் கண்டால் எங்கள் ஆட்கள் முதலில் செருப்பைத்தான் கழற்றுவார்கள். தலைவர் பொந்தைச் சாக்கால் அடைத்து அப்படியே தூக்கி வந்துவிட்டார்.

"இதை வைங்க சேர். மேல்கணக்கு பூச்சி. ஹட்டனே வாயைப் பொளந்துகிட்டு பாக்கும்."

தோட்டத்து டிஸ்பென்சரியில் மீன் செத்து வெறுமையாகக் கிடந்த கண்ணாடித் தொட்டியைக் கெஞ்சி வாங்கினேன். தேயிலை பெக்டரியில் கழித்துப்போட்ட சல்லடையை மூடியாக வைத்துக் கட்டினேன். கட்டையை உள்ளே நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பயம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? தாய் என் கையகலம் இருந்தது. பின்கால் ஒன்று பாதிதான், கோடரி பட்டிருக்க வேண்டும். சிலந்திகள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்றுதான் அதுவரை நானே படிப்பித்திருந்தேன். இங்கே ஒரு கரப்பான்பூச்சியைப் போட்டால் மூன்று நான்கு குஞ்சுகள் சேர்ந்து இழுத்துத் தின்றன. தாய் ஒரு குஞ்சையும் தொடவில்லை. பள்ளிக்கூடத்தின் இரண்டாம் தவணை முழுக்க அந்தக் குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஒரே பொந்துக்குள் இருந்தது. மண்டபத்தில் ஒரு வகுப்பையும் என்னால் அப்படி வைத்திருக்க முடிந்ததில்லை. பிள்ளைகள் பெரிய மட்டையில் வர்ணத்தால் எழுதினார்கள்: ‘ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழும் சிலந்திக் குடும்பம்.’ அறை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மேசைகளை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், பைத்தியக்காரன்.

கண்காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கீழ்க்கணக்குத் தலைவர் வந்தார். கையில் மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்.

"சேர், ஸ்கூல் ரெண்டு கணக்குக்கும் பொதுதானே?"

"ஆமாங்க."

"அப்ப தொட்டியும் பொதுதானே? இது எங்க கணக்கு பூச்சி. இதையும் உள்ள போடுங்க."

எனக்குத் தலை கிர்ரென்றது. அந்தத் தோட்டத்தில் எல்லாம் பங்குதான். தேர் மேல்கணக்கில் எத்தனை இடத்தில் நின்றதோ கீழ்க்கணக்கிலும் அத்தனை இடத்தில் நிற்க வேண்டும். ஆனால் சிலந்தியிலுமா பங்கு?

"ஐயா, உள்ள இருக்கிறது தாயும் பிள்ளைகளும். அதனாலதான் சண்டை இல்ல. வெளியாள் போனா கொன்னுபோடும்."

"கீழ்க்கணக்கு வெளியாளா சேர்?"

"ஐயோ, நான் பூச்சியைச் சொன்னேன். இதைத் தனியா ஒரு போத்தல்ல வைப்போம். பக்கத்துலயே வைப்போம்."

"அவங்க பூச்சிக்குக் கண்ணாடி பங்களா, எங்க பூச்சிக்கு ஜாம் போத்தலா? நல்லாருக்கு சேர் நியாயம்!"

சத்தம் கேட்டு அதிபர் வந்தார். அதிபருக்குச் சிலந்தியைவிடத் தலைவர்மாரிடம்தான் பயம் அதிகம். "போட்டுருங்க சேர், வீண் பிரச்சின வேணாம்" என்றார். முடியாது என்றேன். கத்தினேன், உண்மையாகவே கத்தினேன். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அதற்குள் அதிபர் தானே சல்லடையைத் தூக்கிப் பிடிக்க, தலைவர் டின்னைக் கவிழ்த்துவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. புதிய சிலந்தி தொட்டியின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது, தாய் பொந்துக்குள் போய்விட்டது. மறுநாள் சனிக்கிழமையும் அப்படியே. அதைக் கையாலோ குச்சியாலோ வெளியே எடுத்துவிடலாமா என்று மூடியைத் திறந்தேன். அது முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. மூடிவிட்டேன். இரண்டு தலைவர்மாரும் வந்து பார்த்தார்கள்.

"பாத்தீங்களா சேர், எவ்வளவு ஒத்துமையா இருக்குதுங்க. நீங்கதான் வீணா பயந்துட்டீங்க" என்று கீழ்க்கணக்குத் தலைவர் என் முதுகில் தட்டினார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

திங்கட்கிழமை காலை தோட்டத்து லொறி வாசலில் நின்றது. இரண்டு கணக்கு ஆட்களும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், ஏதோ கல்யாணத்துக்குப் போவதுபோல. நான் தொட்டியின் மேலிருந்த சாக்கை எடுத்தேன். தாய் கால்களை மடக்கிக்கொண்டு மல்லாக்கக் கிடந்தது, பாதிக்கால் தெரிந்தது. குஞ்சுகளைக் காணவில்லை. பொந்தின் வாயில் சில கால்கள் மட்டும் முடிபோல ஒட்டியிருந்தன. கட்டையின் உச்சியில், வயிறு புடைக்க, புதிது உட்கார்ந்திருந்தது.

எனக்கு அழுகை வந்தது. ஒரு பூச்சிக்காக அழுகிற வயதா? பூச்சிக்காக இல்லை. "பேரு குடுத்தாச்சு சேர், வெறுங்கையோட போகக்கூடாது" என்று அதிபர் மட்டையையும் தூக்கி லொறியில் வைத்தார். போனோம்.

ஹட்டனில் கூட்டம் தள்ளுமுள்ளாகத்தான் வந்தது. பயந்தார்கள், கத்தினார்கள், சிங்களப் பிள்ளைகள் தங்கள் மொழியில் அதன் பெயரை, ‘திவிமகுளுவா’ என்று கூவிக்கொண்டு ஓடிவந்தார்கள். பதினொரு மணிபோல் கல்வி அதிகாரி வந்தார். மட்டையைச் சத்தமாக வாசித்தார். குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"குடும்பம் எங்கை மாஸ்டர்?"

"செத்துப்போச்சு சேர்."

"அப்ப இது?"

"இதுதான் சேர் கொன்னது."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன். "எழுதிவைச்சது ஒண்டு, உள்ளுக்கை வேற ஒண்டு. இதைக் காட்டி நான் என்னெண்டு கதைக்கிறது?" என்றார். பிறகு, "வாற வருஷம் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார். அந்த வருடம் ஓ.எல். எழுதவிருந்த என் பிள்ளைகள் மட்டைக்குப் பின்னால் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். வாற வருஷம் அவர்களுக்கு எதற்கு?

கீழ்க்கணக்குத் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சேர், மிஞ்சினது எங்களோடதுதானே?"

"ஆமாங்க" என்றேன். "உங்களோடதுதான்."

அவர் திரும்பித் தன் ஆட்களிடம் கையை உயர்த்திக் காட்டினார். பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். மேல்கணக்குத் தலைவர் முகம் கறுத்துப்போய் அந்தச் சிலந்தியைக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, ஆறுதல் சொல்கிறவர்போல மெதுவாகச் சொன்னார்.

"கவலைப்படாதீங்க சேர். நாளைக்கே ஆள விட்டு இதவிடப் பெரிசா ஒண்ணு பிடிச்சித் தாறேன். தொட்டிய மட்டும் கழுவி வைங்க."