மட்டாஞ்சேரியில் மிளகின் விலை

மழைக்கு ஒதுங்கி ஒரு மிளகுக் கிடங்கில் நிற்கிறேன். கிடங்கு ராஜம்மாளுடையது. பல தலைமுறைகளாக மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தவர். எதிரே சஃபாரி சூட் அணிந்த பம்பாய் ஏற்றுமதிக்காரர். இனி மிளகு முழுவதையும் தனக்கு மட்டுமே, தான் சொல்லும் விலைக்கே தரவேண்டும் என்று ஒப்பந்தத்தை நீட்டுகிறார்.

ராஜம்மாள் அதைத் திருப்பித் தருகிறார். "சாயா குடிச்சிட்டுப் போங்க. இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

ஏற்றுமதிக்காரர் தேநீரைத் தொடாமல் காரில் ஏறுகிறார்.

"பெரிய ஆளைப் பகைச்சுக்கிட்டீங்களே?" என்கிறேன்.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்த டச்சுக்காரன் பீரங்கியை வச்சுக்கிட்டு இதையேதான் கேட்டான். வேற யாருக்கும் விற்கக்கூடாதுன்னான். எங்க ஆளுங்க மாட்டு முதுகுல மூட்டையேத்தி, மலை தாண்டிப் பாண்டிநாட்டுச் சந்தையில வித்தாங்க. பிடிபட்டவங்க திரும்பி வரல்லை. ஆனாலும் யாரும் நிறுத்தல்லை. இவர் கையில வெறும் பேனாதானே இருக்கு?"

சுமைத் தொழிலாளிகள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

மழை விடுவதற்குள் ஆலுவாவிலிருந்து ஒரு வியாபாரி வருகிறார். மிளகை உள்ளங்கையில் தேய்த்து முகர்கிறார்.

"என்ன விலை, சேச்சி?"

ராஜம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் விலையைச் சொல்கிறார்.