நூலை இழுத்தது யார்?

பூனைக்கு ஆபரேஷன் என்று நான் சொன்னபோது சிரித்தவர்கள் ஒவ்வொருவரும் எனக்கு ஞாபகம் இருக்கிறார்கள். வாராவாரம் சபைக்குப் போகிறவள்தான், மன்னிக்கச் சொல்லித்தான் அங்கே கேட்டுக்கொண்டு வருகிறேன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் என்னால் ஆகவில்லை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பூனை என்னுடையது அல்ல, என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரரின் அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் போனபிறகு விரிஞ்சிபுரத்துக்கு எங்களோடு இருக்க வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். நானோ விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் பக்கம் போய்விட்டு விளக்கு வைத்தபிறகு வருகிறவள். பகலெல்லாம் அண்ணிக்குப் பேச்சுத் துணை அந்தப் பூனை மட்டும்தான். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "இந்தாடி" என்றால் எங்கிருந்தாலும் ஓடிவரும். நான் கூப்பிட்டால் வராது, அண்ணி கூப்பிட்டால்தான்.

அண்ணிக்கும் ஷூ வேலைதான், வீட்டில் உட்கார்ந்தபடி. ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். கம்பெனி ஏஜென்ட் அதை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். மெழுகு போட்ட தடித்த நூலால் முன்பக்கத்தைக் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். யாரிடமும் கை நீட்டாமல் அண்ணி இருந்தது அந்த வேலையால்தான். தம்பி வீட்டில் இருந்தாலும் தன் சோப்பு, தன் மாத்திரை, பூனைக்குக் கருவாடு எல்லாம் அவருடைய சம்பாத்தியம்.

எனக்குக் கம்பெனியில் கடைசி மேஜை, செக்கிங். ஷூ பெட்டிக்குள் போகுமுன் எங்காவது நூல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கினால் நுனியைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, ஒட்ட வெட்ட வேண்டும். இழுக்காமல் வெட்டினால் மொட்டை நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஷூ திரும்பி வரும், கூடவே வசவும் வரும். பதினோரு வருடமாக இதே வேலை. கண் பார்ப்பதற்கு முன்னால் கை போய்விடும். ஒரு கல்யாணத்தில் பக்கத்து நாற்காலி அம்மாவின் ஜாக்கெட்டில் நூல் தொங்கியதைப் பிடித்து இழுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன வருடம் மழைக்கு முன்னால், பூனை இரண்டு நாளாக வாந்தி எடுத்தது. "எதுவும் துன்னல, மூலையிலேயே கெடக்குது" என்றார் அண்ணி. பல்லி கில்லி தின்றிருக்கும், தானே சரியாகிவிடும் என்றேன் நான். மூன்றாம் நாள் காலை நான் தலைவாரிக்கொண்டிருந்தேன். பூனை மெதுவாக என்னைத் தாண்டிப் போனது. அதன் வாலுக்குக் கீழே, பின்பக்கத்தில், விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது. அண்ணி தைக்கும் அதே வெளிர்மஞ்சள் நூல்.

என் கை போய்விட்டது. பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது, அப்புறம் நின்றது. மேஜையில் நூல் நின்றால் என்ன செய்வோம்? விரலில் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு சுண்டு சுண்டி இழுப்போம். அதையே செய்தேன். அந்தப் பூனை போட்ட சத்தத்தை நான் அதற்கு முன் எந்த உயிரிடமும் கேட்டதில்லை. ஆனாலும் பாருங்கள், பையில் இருந்த சின்னக் கத்தரியை எடுத்து ஒட்ட வெட்டிவிட்டுத்தான் விட்டேன். வேலையை முடித்த திருப்திகூட வந்தது.

தெருக்குழாயடியில் இருந்த அண்ணி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு அதுக்கு?"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "தெரியாம வால மிதிச்சிட்டேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவசரத்தில் வாயில் வந்தது அதுதான்.

மதியம் அண்ணியிடமிருந்து போன். பூனை படுத்துவிட்டது, கண் சொருகுகிறது. நம்மூர் மாட்டு டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கே முடியாது, வேலூரில் படம் எடுத்துப் பார்க்கும் கிளினிக்குக்கு உடனே போங்கள் என்றாராம். நான் சூப்பர்வைசரிடம் போய் பர்மிஷன் கேட்டேன்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"பூனைக்கு சார்."

அந்த ஆள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மாடுன்னா கூட பரவால்ல, பாலு குடுக்குது. பூனைக்கு லீவாம்மா? நாளைக்கு எலிக்கு ஜொரம்னு வருவியா?" எல்லாரும் சிரித்தார்கள். பதினோரு வருடத்தில் எத்தனை நாள் ஜுரத்தோடு வந்து நின்றிருப்பேன், ஒரு நாள் பாதியில் போகிறேன் என்றால் இளிப்பா? மேஜையில் கத்தரியை வைத்தேன். "சிரிச்சு முடிச்சிட்டு அரை நாள் லீவுன்னு எழுதிக்கோங்க சார், நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினேன். என் வாழ்க்கையில் நான் அப்படி எழுந்து போனது அந்த ஒரு முறைதான்.

வேலூர் கிளினிக்குக்கு அண்ணி ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார். வயர் கூடையில் பூனை, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார். டாக்டரம்மா சின்ன வயசு. பூனையின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியதும் அவர் முகம் மாறியது. நாக்குக்கு அடியில் நூல் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டியிருந்தது. மிச்ச நூல் தொண்டை வழியாக இறங்கி, குடல் முழுக்கப் போயிருந்தது.

"பாவாடை நாடாவ இழுத்தா துணி சுருங்குமே, அந்த மாதிரி குடல் சுருங்கிப்போச்சு" என்றார். அப்புறம் வாலைத் தூக்கிப் பார்த்தார். ரத்தம் இருந்தது. அவர் குரல் உயர்ந்தது. "பின்னாடி தொங்குன நூல இழுத்தீங்களா? மேல நாக்குல மாட்டிக்கிட்டு இருக்கு, கீழ இழுத்தா குடல அறுத்துடும்னு தெரியாதா? யார் இழுத்தது?"

பூனை மேஜையில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றார் அண்ணி.

டாக்டரம்மா அண்ணியைப் பிடிபிடியென்று பிடித்தார். வீட்டில் இந்த வேலை செய்கிறவர்கள் நூலை டப்பாவில் போட்டு மூட வேண்டாமா, பூனை வளர்க்கத் தெரியாவிட்டால் எதற்கு வளர்க்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார். ஐம்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதாங்க, காப்பாத்துங்க" என்று நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஆபரேஷனுக்குப் பணம் எப்படியோ புரட்டினோம், அதை எழுதப்போவதில்லை. குடலை மூன்று இடத்தில் திறந்து நூலை எடுத்தார்கள். நாலாவதாக ஓர் இடம் தானே கிழிந்திருந்தது. இழுத்ததால் கிழிந்தது அதுதான் என்றார் டாக்டரம்மா, அண்ணியைப் பார்த்து. "அஞ்சு நாளு தாண்டணும். உள்ள போட்ட தையல் விட்டுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. சாப்பிடணும், வெளிக்கிப் போகணும். அது வரைக்கும் நான் எதுவும் சொல்லமாட்டேன்."

அந்த ஐந்து நாளும் அண்ணி தரையில் பூனை பக்கத்திலேயே கிடந்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தையும், வடிகட்டிய கோழிச்சாறையும் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் வளையத்தோடு பூனை சுவரெல்லாம் முட்டிக்கொண்டது. வயிற்றை நக்காமல் இருக்க ஒரு பழைய பனியனை வெட்டி நாலு கால் ஓட்டை வைத்துச் சட்டை போட்டார். இரண்டாம் நாள் இரவு ஏஜென்ட் வந்தபோது, தைத்தது, தைக்காதது, நூல்கண்டு, ஊசி எல்லாவற்றையும் மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இனிமே வேணாங்க. இந்த நூலே என் வூட்டுக்குள்ள வரக்கூடாது."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? நூல் தொங்கியதோடு விட்டிருந்தால் குடல் கிழிந்திருக்காது, கிழித்தவள் நான், உங்கள் வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று. சொல்லவில்லை. மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூட்டை மூட்டையாக வீட்டுக்குள் வேலையைக் கொண்டுவந்து கொட்டுகிற கம்பெனி, மிச்ச நூல் போட ஒரு பை கொடுத்ததா என்று ஏஜென்ட்டிடம் எகிறினேன். அவர் பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல் வண்டியைக் கிளப்பினார். நான் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

புதன்கிழமை பக்கத்துத் தெருவில் வீட்டு ஜெபக்கூட்டம். முடிவில் ஆளுக்கு ஒரு ஜெபக்குறிப்பு சொல்வது வழக்கம். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், கால்வலி. என் முறை வந்தபோது, "எங்க வீட்டுப் பூனைக்கு ஆபரேஷன் ஆயிருக்கு, இன்னும் ரெண்டு நாள் தாண்டணும், ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். "மனுசங்க குறிப்பே ஜாஸ்தியா இருக்குதும்மா, பூனைக்கெல்லாம் எங்க நேரம்?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"உங்க ஸ்கூட்டி ரிப்பேருக்குப் போன மாசம் ஜெபம் பண்ணமே, அப்போ நேரம் இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். "இரும்புக்கு ஜெபம் பண்ணலாம், உயிருக்குப் பண்ணக்கூடாதா? அது செத்துப்போச்சுன்னா எங்க அண்ணி தாங்கமாட்டாங்க. இதுல சிரிக்க இன்னா இருக்கு?" என் குரல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பைபிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் சிரித்தது அநியாயம்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் அத்தனை சத்தம் அவர்களுக்காக மட்டும் வரவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

நாலாம் நாள் பூனை மணல் தட்டில் போய் உட்கார்ந்தது. அண்ணி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், பேரப்பிள்ளை முதல் மார்க் வாங்கியதைப் போல. ஆறாம் நாள் தானாகவே தட்டில் வாய் வைத்தது. அண்ணி அடுப்பங்கரையில் போய் நின்று அழுதார். நானும் அழுதேன், தனியாக.

பதினாலாம் நாள் வெளித்தையல் பிரிக்க வேலூருக்குப் போனோம். காயம் நன்றாக ஆறியிருந்தது. டாக்டரம்மா சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனாலும் தையலைப் பிரித்துக்கொண்டே அண்ணியிடம் சொன்னார்: "பொழைச்சது அதிர்ஷ்டம். நூல் வேலைய விட்டுட்டீங்கன்னு சொன்னீங்க, நல்லது. உங்க கைக்கு இழுக்கற பழக்கம் இருக்கு, அதான் ஆபத்து."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்கள சொல்லாதீங்க டாக்டர்! அவங்க கை தைக்கற கை. இழுக்கற கை என்னுது. அன்னிக்கு இழுத்தது நான்தான்."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து அடுத்த முடிச்சைப் பிரித்தார். அவ்வளவுதான். நான் பதினாலு நாள் பயந்தது அந்த ஒரு கேள்விக்கு.

அண்ணி பூனையைக் கூடையில் வைத்துக் கட்டினார். வெளியே வந்து கூடையைக் கீழே வைத்தார். என்னைக் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எனக்காகப் பழியை ஏற்றவராயிற்றே.

"உன்ன காப்பாத்தறதுக்கு நான் சொன்னேன்னு நெனச்சிக்கினியா?" என்றார். அண்ணிக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. "பூன சாவக் கெடக்குது. நீ பேந்தப் பேந்த முழிச்சினு நிக்கற. யாராச்சும் ஒருத்தி ஆமான்னு சொன்னாதான அந்தம்மா அடுத்த வேலையப் பாப்பாங்க? அதான் சொன்னேன்."

"அன்னிக்கே உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"வால மிதிச்சியாம், வால! கீழ கெடந்த நூல நான் பாக்கலியா? அந்த மாதிரி ஒட்ட வெட்டறவ நம்ம வூட்டுல யாரு? முப்பது வருசமா நூலு புடிக்கறேன், எனக்குத் தெரியாதா?" அவருக்கு மூச்சு வாங்கியது. "கை தானா போயிருக்கும், அதக்கூட நான் தப்புன்னு சொல்லல. என் வேலைய நான் மூட்ட கட்டிக் குடுத்தேனே, பாத்துனுதான நின்ன? ஊர்ல இருக்கறவங்க மேல எல்லாம் எகிறத் தெரியுது. பதினாலு நாளு ஒரே வூட்டுல ஒரே தட்டுல சோறு துன்னோம். இன்னிக்குக் கூட நீ டாக்டருக்குத்தான் சொல்ற. எங்கிட்ட எப்போ சொல்லப்போற?"

கூடையை எடுத்துக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தார். ஆட்டோவில் என்னை உள்ளே தள்ளி உட்காரச் சொன்னது கூட டிரைவர்தான். வழியெல்லாம் கூடைக்குள் பூனை கத்திக்கொண்டே வந்தது. அண்ணி அதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.